மச்சான் போட்ட கட்டு

கண்டக்டருக்கு டிப்போவில் வைத்த பெயர் தள்ளாட்டம். வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்தறியாத மனிதர். ஏழு வருடத்துக்கு முன் படியில் தொங்கிய ஒருவனை உள்ளே இழுக்கப் போய் வலது கணுக்கால் மடங்கியது. அன்றிலிருந்து அது சொன்ன பேச்சு கேட்பதில்லை. அடி வைத்தால் பாதம் உள்பக்கம் திரும்பி, வெளிவிளிம்பில்தான் தரையைத் தொடும். பஸ் வளைந்தால் ஆள் யார் மடியிலாவது கிடப்பார். போன மாதம் ஒரு கர்ப்பிணிப் பெண் மேல் சரிந்து, அவள் புருஷனிடம் அறை வாங்கினார். "காலையிலேயே ஊத்திக்கிட்டியாடா?" என்று கேட்டுவிட்டுத்தான் அறைந்தான். பஸ்ஸே சிரித்தது.

உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். ஆபீஸ் டாக்டர் நடக்க வைத்துப் பார்ப்பார். அவர் சம்மதித்தால் டிப்போவில் ஒரு நாற்காலி. இல்லையென்றால் இன்னும் பதினொரு வருடம் பஸ்தான்.

டாக்டரைப் பார்க்க வேண்டிய அன்று காலை மச்சான் வந்தான். மனைவியின் தம்பி, பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். "ஆபீஸ் படியில விழுந்து வைக்காதீங்க மாமா" என்று அவர் காலைத் தன் தொடையில் தூக்கி வைத்தான். உள்பக்கம் டேப்பை ஒட்டி, குதிகாலுக்கு அடியில் கொண்டுபோய், வெளிப்பக்கம் மேலே இழுத்து அடுக்கடுக்காகச் சுற்றினான். கால் கல் மாதிரி நின்றது. பாசக்காரப் பயல். பாசத்துக்கு மூளை எதற்கு?

"பத்தடி நடங்க" என்றார் டாக்டர். நடந்தார். பாதம் முழுசாகத் தரையில் பதிந்தது. ஏழு வருடத்தில் அப்படி நடந்ததே இல்லை. அவருக்கே ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது, அற்ப மனுஷன்.

"நல்லாத்தானே நடக்கறீங்க?"

அப்போதுதான் உறைத்தது. "ஐயா, கட்டு போட்டிருக்குங்க!" தரையில் உட்கார்ந்து, டேப்பை முடியோடு பிய்த்தெடுத்து, எழுந்து மறுபடி நடந்தார். நாலாவது அடியில் கணுக்கால் மடங்கியது. மேஜை விளிம்பில் நெற்றி மோதி விழுந்தார்.

டாக்டர் பேனாவைக்கூட நிறுத்தவில்லை. "முதல்ல நடந்ததை எழுதியாச்சு. இது நடிப்பு. அந்தக் கட்டையே தினமும் போட்டுக்கிட்டு வேலைக்குப் போங்க."

வெளியே பெஞ்சில் காத்திருந்த மச்சான் துள்ளி எழுந்தான். "எப்படி மாமா நடந்தீங்க?"

"நல்லா நடந்தேன்டா." அவனைத் திட்டக்கூட அவருக்குத் தெம்பில்லை.

"நம்ம கட்டுன்னா சும்மாவா? இனிமே தினமும் காலையில வந்து நானே போட்டு விடறேன் மாமா."