குதிகால் புதையாத நாள்

தெற்கு சூடானில் அமைதிப்படைச் சிப்பாயாக இருந்தேன். உள்நாட்டுச் சண்டைக்குப் பயந்து ஓடிவந்தவர்களின் முகாமுக்குக் காவல். அங்கேயும் எங்கள் விளாத்திகுளம் போலக் கரிசல் மண்தான். மழை பெய்தால் லாரி நகராது. ஆயுதக் கும்பலும் வர முடியாது, நிவாரண மாவும் வராது.

மழை ஓய்ந்தபின் தினமும் காலையில் ஒரு பெண் குழந்தையோடு வேலியோரம் வந்து, குதிகாலால் தரையை அழுத்திப் பார்ப்பாள். விதைப்புக்கு முன் மண் பதம் பார்க்க என் அம்மா செய்வதும் இதேதான். ஆனால் இவள் பார்த்தது, வண்டி வருமளவுக்கு மண் இறுகிவிட்டதா என்று.

ஒருநாள் அவள் குதிகால் புதையவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குழந்தையை முதுகோடு இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

மதியம் தூரத்தில் லாரிச் சத்தம். முகாமே தரையோடு படுத்துக்கொண்டது. என்னோடு காவலில் நின்ற கயத்தாறுக்காரர், "ஏலே, வாரது யாரு வண்டி?" என்றார்.

"தெரியலையே அண்ணாச்சி."

துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்தினேன்.

வந்தவை மாவு மூட்டைகள். அதைப் பார்த்த பிறகும் யாரும் உடனே எழவில்லை.

ஓய்வுபெற்று ஊருக்கு வந்துவிட்டேன். இந்த ஐப்பசியில் நல்ல மழை. வெயில் வந்ததும் மனைவி விதைப்பெட்டியோடு வரப்பில் வந்து நின்றாள்.

"என்னங்க, பதம் வந்துட்டுல்லா? விதைச்சிருவமா?"

குதிகாலால் அழுத்தினேன். புதையவில்லை. ஊரே காத்திருந்த பதம் அது. நான் லாரிச் சத்தம் கேட்கிறதா என்று ரோட்டுப் பக்கம் காதைக் கொடுத்தபடி நின்றேன்.