அரிசிக்கும் லினக்ஸுக்கும் ஒரே அறை

வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டு, பூட்டினோமா என்ற சந்தேகத்தில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம் ஜோதிலட்சுமி. அவள் கணவன் ராமதாஸ் கல்பாக்கத்தில் ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறவன். "உன்ன பஸ்ஸுல ஏத்தினா, டயர் கீதான்னு பத்து தபா எறங்கிப் பாப்ப" என்று கிண்டலடிப்பான். அப்படிப்பட்டவள்தான் 2004ஆம் வருடம் விஜயதசமியன்று, பள்ளிக்கூடத்தின் ஒரே கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் தன் கையாலேயே அழித்தாள்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அவள் அறிவியல் டீச்சர். நெல் பயிரிட்ட குடும்பத்தில் அவள்தான் முதல் மாதச் சம்பளக்காரி. செங்கல்பட்டில் மாலை வகுப்பில் சேர்ந்து, தன் வயதில் பாதிகூட இல்லாத பையன்களுக்கு நடுவே உட்கார்ந்து கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டாள். கல்பாக்கம் குவார்ட்டர்ஸைக் காலி செய்த ஓர் என்ஜினீயர் ஒதுக்கிப்போட்ட பழைய கம்ப்யூட்டரை ராமதாஸ் கேட்டு வாங்கி வந்தான். தலைமை ஆசிரியர் கோபாலகிருஷ்ணனை நச்சரித்து, உடைந்த பெஞ்சுகள் கிடந்த கடைசி அறையை அதற்கு வாங்கினாள் இவள்.

அந்த அறைக்குத்தான் வினை வந்தது. ஐப்பசி மழை தொடங்கியதும், சத்துணவுக் கூடத்தில் அரிசி வைக்கிற மூலை ஒழுக ஆரம்பித்தது. அதே வாரத்தில் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து, போட்டால் பாதியில் நின்றது.

"ஓடாத பொட்டிக்கு ஒரு ரூமு, புள்ளைங்க துன்ற அரிசி மழையில நனையுது. நீயே நாயத்த சொல்லும்மா" என்றார் கோபாலகிருஷ்ணன். "திங்கக்கெழம புது அரிசி வருது. அதுக்குள்ள ஓடிச்சின்னா ரூமு அதுக்கு. இல்லியா, அரிசிக்கு."

அவர் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் அவளை அதிகம் வாட்டியது.

கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு இலவசமாக வந்த, கம்ப்யூட்டரை இயக்குகிற மென்பொருளான லினக்ஸின் சிடி அவளிடம் இருந்தது. பழைய இயந்திரத்திலும் ஓடும், வைரஸ் அண்டாது என்று படித்திருந்தாள். வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை, எதையும் தொடக்கூடாது. சனிக்கிழமை விஜயதசமி, புதிதாக ஒன்றைத் தொடங்க அதைவிட நல்ல நாள் எது? சிடியைப் போட்டதும், பழையதை அழிக்கட்டுமா என்று லினக்ஸ் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு சரி என்று அழுத்தினாள்.

கோப்புகள் ஒவ்வொன்றாக ஏறின. பாதி தாண்டியதும், இந்தக் கோப்பைப் படிக்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து, எல்லாம் நின்றது. முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடி நின்றது. சிடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டாள். அப்போதும் நின்றது. முன்பாவது பாதி ஓடிக்கொண்டிருந்தது. இப்போது பழையதும் போய், புதியதும் வராமல், திரையில் அந்த ஒரு வரிதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை ராமதாஸ் ஸ்குரூ டிரைவரோடு கூட வந்தான்.

"கடக்கரக் காத்துல எல்லாத்துலயும் உப்பு பூக்குது ஜோதி. மெமரிய எடுத்து அழி ரப்பரால தேய்ச்சிப் பாரு. எங்க டிப்போவுக்கு வர்ற ஆளு அதான் பண்ணுவான்."

தேய்த்தாள். பளபளப்பு வந்தது, பலன் வரவில்லை.

"உட்டுத் தள்ளு. ரூமுதானே, போனா போவுது."

"நீங்க சொல்லுவீங்க. அரிசி அடுக்கின எடத்த அப்பறம் எவன் காலி பண்ணித் தருவான்?"

சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்தவளுக்கு ஒன்று உறைத்தது. நேற்று நின்ற இடம் வேறு, இன்று நின்ற இடம் வேறு. சிடியில் கீறல் என்றால் ஒவ்வொரு முறையும் அதே கோப்பில்தானே நிற்க வேண்டும்? அப்படியானால் கோளாறு சிடியில் இல்லை, அதைப் படிக்கிற டிரைவில். டிரைவைக் கழற்றித் திறந்தாள். உள்ளே சிடியைப் படிக்கிற உளுந்தளவு கண்ணாடி வில்லை. அதன்மேல் சாம்பலாகவும் சிவப்பாகவும் ஒரு படலம். விரலில் தொட்டு முகர்ந்தாள். திருநீறு. குங்குமம்.

சத்துணவு சமைக்கிற ஆராயி, ஒழுகல் படாமல் மூட்டைகளை நகர்த்திக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்து ஆயுத பூஜையில் பொட்டு வைப்பது எப்போதும் அவள் வேலை.

"ஆராயி, கம்ப்யூட்டருக்கு நீயா விபூதி வெச்ச?"

"ஐய, ஷாக் அடிக்கும்னு நான் அதும் பக்கமே போவல டீச்சரு. மணிக்கு வெச்சேன், அருவாமனைக்கு வெச்சேன். அத்த மட்டும் நான் பாத்துக்கறேன்னு பெரிய சாரே விபூதித் தட்ட எடுத்துகினு போனாரு. இன்னாமோ அமுக்கினாரு, அது வட்டத் தகடு வெக்கற நாக்க நீட்டிச்சி. அள்ளி வெச்சாரு பாரு, கை நெறைய! மேல வெச்சா பத்தாது, உள்ளாற போவணும், அப்பத்தான் ஓடும்னு ஊதி வேற உட்டாரு."

ஜோதிலட்சுமி டிரைவிடம் திரும்பி வந்தாள். அரிசி அரிசி என்று வாய் ஓயாமல் சொன்ன மனிதர், அவளுக்குத் தெரியாமல் போய்ப் பெட்டிக்காக வேண்டிக்கொண்டிருக்கிறார். அவர் வேண்டுதலே அதன் கண்ணை மறைத்துவிட்டது. இதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, குழந்தையின் கண்ணைத் துடைக்கிற மாதிரி துடைத்தாள். இந்த முறை லினக்ஸ் நிற்காமல் ஏறியது. ஆனால் இருக்கிற மெமரி படத் திரைக்குப் போதவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துதான் வந்தது.

"பேஜாரா கீதே" என்றான் ராமதாஸ். "இத்தப் பாத்தா ஓடலன்னுதானே சொல்லுவாரு?"

திங்கட்கிழமை கோபாலகிருஷ்ணன் அறைக்குள் வந்தார்.

"இன்னாம்மா கொளாறு?"

"தூசு சார்."

அவர் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு, திரைக்குத் திரும்பினார். "படம் ஒண்ணும் காணமே. கரண்டு போன டிவி மாதிரி கீது."

"படம் வராது சார். கேட்டா பதில் சொல்லும். உங்க பொறந்த தேதி சொல்லுங்க, இன்னா கெழமன்னு காட்டும்."

"நாப்பத்தொம்பது, ஜூன் ஒண்ணு."

தட்டினாள். அந்த மாதத்தின் காலண்டர் வரிசையாக வந்து நின்றது. ஒன்றாம் தேதி, புதன்.

"பொய்யி" என்றார் உடனே. "நான் பொறந்தது ஆடி மொத வெள்ளி, கூழு ஊத்தற அன்னிக்குன்னு எங்கம்மா சாவுற வரைக்கும் சொல்லினு இருந்தது." சொன்னவர் தாமே நிறுத்தினார். "ஜூன் ஒண்ணு எங்க வாத்தியாரு போட்டதும்மா. ஸ்கூலு தொறக்கற அன்னிக்கு அஞ்சு வயசு நெறையணும்னு எல்லாருக்கும் அதையே போடுவாரு. நானும்தான் இத்தினி வருசமா புள்ளைங்களுக்குப் போட்டுகினு வர்றேன்." குரல் தணிந்தது. "சரி, ஆடியக் காட்டு."

ஜூலை வந்தது. அவர் திரையருகே குனிந்து விரலால் எண்ணினார். "ஜூலை பதினாறு, பதினேழுலதான் ஆடி பொறக்கும். அப்ப மொத வெள்ளி இருவத்திரண்டு." கொஞ்சம் யோசித்தார். "வருசமும் அவரு போட்டதுதானே? நாப்பத்தெட்டப் போடு பாப்பம்."

வெளியே லாரி ஹாரன் அடித்தது. மூட்டை இறக்க வந்தவன் வாசலில் தலையை நீட்டினான். "சார், அரிசிய இந்த ரூமுலதானே அடுக்கணும்?"

"என் ரூமுல அடுக்கு" என்றார் கோபாலகிருஷ்ணன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "என் நாற்காலிய மட்டும் இங்க தூக்கினு வந்து போட்டுடு."

அறை தப்பித்தது. ஆனால் அவர் எழுந்தால்தானே பிள்ளைகள் இதன் முன்னால் உட்கார முடியும் என்ற கவலை, அந்த நாற்காலி வந்து சேர்வதற்குள்ளேயே ஜோதிலட்சுமிக்குப் பிடித்துக்கொண்டது.