கொடிமலைச் சுவரில் சிவப்புப் பெயிண்ட்

பிரஷாந்திக்கு அரியண்டம் வந்தால், எதையாவது கண்டு அருவருப்பு எழுந்தால், முதலில் காதுக்குப் பின்னால் குளிரும். பிறகு வாயில் உப்பு நீர் ஊறும். அதற்குள் அந்த இடத்தை விட்டு விலகிவிட வேண்டும், இல்லையென்றால் ஓங்காளம்தான். கதிரவெளியில் அவளோடு பிறந்தவர்கள் நான்கு பேர். எல்லாரும் ஒரே கோப்பையில் தேத்தண்ணீர் குடித்து வளர்ந்த வீட்டில் இவள் மட்டும் தன் கோப்பையைத் தானே கழுவி, வேறு யார் கையும் படாதபடி அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைப்பாள். கல்யாணம் பேசி வந்த ஒருவன் பேச்சுக்கு நடுவில் முற்றத்தில் வெற்றிலைச் சாற்றைத் துப்பினான். அன்றோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதன்பிறகு வேறு பேச்சும் சரிவரவில்லை.

அப்படிப்பட்டவளுக்கு வாழ்க்கை கொடுத்ததெல்லாம் பிறத்தியாரின் ஊத்தைதான். பத்தொன்பது வயதில் சண்டைக்குப் பயந்து ஊரோடு ஓடி, முகாமில் எட்டு மாதம் கிடந்தாள். அறுபது குடும்பத்துக்கு நான்கு மலசலகூடம். தினமும் சனம் எழும்புமுன் ஒரு வாளித் தண்ணீரும் சாம்பலுமாகப் போய்க் கழுவிவிட்டுத்தான் உள்ளே போவாள். நல்ல பிள்ளை என்று முகாமில் பேர் எடுத்தாள். அவள் அதை யாருக்கும் நன்மையாகச் செய்யவில்லை. கழுவாமல் உள்ளே போக அவளால் முடியவில்லை, அவ்வளவுதான்.

ஊர் திரும்பிய பிறகு பாசிக்குடாப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்யும் வேலை. ஆறு வருடம் அதில் போயிற்று. கட்டிலுக்கடியில் மூன்று நாளாகக் கிடந்த நண்டு ஓடு, கை கழுவும் பேசினை அடைத்த மயிர், விரிப்புகளில் மனிதர் விட்டுப்போகும் எல்லாம் பார்த்தாள். ஒருநாள் ஒரு விருந்தாளி கால் துடைத்த துவாயாலேயே ஒரு அப்பிள் பழத்தைத் துடைத்து, சாப்பிடு என்று அவளிடம் நீட்டினான். பாவம், அன்பாகத்தான் நீட்டினான். அவள் அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, கீழே இறங்கி, சீருடையைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

அந்தக் காலத்தில்தான் அருமைநாயகம் வந்தார். கல்லடிக்காரர், ஐம்பது வயது இருக்கும். வான் ஒன்று வைத்துச் சுற்றுலாச் சனத்தை ஏற்றி இறக்குகிறவர். கதிரவெளிக்கு அப்பால், கடலோரக் காட்டுக்குள் இருக்கும் மலைக்கு வழி தெரிந்த ஆள் தேவை என்று விசாரித்தார். ஊரில் அதைக் கொடிமலை என்பார்கள். மலை என்றாலும் முந்நூறு அடிக்கு மேல் வராது. பாறைகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்பது போன்ற மலை. அதன் உச்சியில் ஒரு பழைய கோட்டைச் சுவர் இருக்கிறது. அடியில் இரண்டு ஆள் சேர்ந்தும் அசைக்க முடியாத கருங்கற்கள், அதற்கு மேலே பிந்தி வந்த யாரோ வைத்துக் கட்டிய செங்கல். யார் கட்டினார்கள் என்று ஊரில் ஒருவருக்கும் திட்டமாகத் தெரியாது. சுவரின் மூலையில் ஒரு சிறிய காவல் அறை. அதன் ஓட்டையால் பார்த்தால் கிழக்கே கடல் முழுவதும் தெரியும், மேற்கே திரும்பினால் ஆறும் காடும், அதற்கப்பால் நீலமாய் மலைகளும். பிரஷாந்தி சின்ன வயதில் விறகுக்கும் பாலைப்பழத்துக்கும் போய்த் திரிந்த இடம். கண்ணைக் கட்டி விட்டாலும் ஏறிவிடுவாள்.

சனிக்கிழமைதோறும் ஒருநாள் நடை தொடங்கியது. காலையில் கடற்கரை மணலில் இருந்து புறப்பட்டு, காட்டுக்குள்ளால் ஏறி, சுவரடியில் சோத்துப் பார்சல் சாப்பிட்டு, பின்னேரம் இறங்குவது. முதல் இரண்டு மூன்று மாதம் அவளுக்குத் தன் வாழ்க்கையிலேயே இல்லாத நிம்மதி. உச்சியில் அடிக்கும் காற்றில் எந்த மணமும் இல்லை. உப்பு மணம்கூட அவ்வளவு உயரத்துக்கு வரும்போது கழுவினது போல இருக்கும். இப்படியும் ஒரு வேலை இருக்கிறதா என்று அவள் தன் தங்கையிடம் சொன்னாளாம்.

பிறகு சனம் கூடியது. மாசியில் ஒருநாள் காவல் அறைக்குள் தலையை நீட்டியவள் அப்படியே பின்வாங்கிச் சத்தி எடுத்தாள். யாரோ உள்ளே வெளிக்கு இருந்துவிட்டுப் போயிருந்தார்கள். எத்தனையோ நூறு வருடம் கடலைப் பார்த்துக் காவல் நின்ற அறை. அதற்குள் வந்து இருந்துவிட்டு, ஈரக் கடதாசியால் துடைத்து, அதையும் அங்கேயே போட்டுவிட்டுப் போன ஒரு மனிதனை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நினைக்காமலும் இருக்க முடியவில்லை. இறங்கி வரும்போது முன்னால் நடந்த பதினெட்டுப் பேரின் முதுகையும் ஒவ்வொன்றாகப் பார்த்தபடி, இவனா, இவளா என்று யோசித்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் தனியாக ஏறிப் போய் மண்வெட்டியால் அள்ளிப் புதைத்தாள். அதற்குப் பிறகு அது வாராந்த வேலையாகிவிட்டது. பியர் குடித்துவிட்டு எறிந்த தகர ரின், தண்ணீர்ப் போத்தல், குழந்தைகளின் பம்பர்ஸ், கோழி எலும்பு, கல்லிடுக்கில் செருகிய சூயிங்கம். மலையடியில் வைத்தே வருகிறவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லத் தொடங்கினாள். அருமைநாயகத்துக்கு அது பிடிக்கவில்லை. வாற சனத்தை வெருட்டாதே என்று போனில் ஏசினார். சனம் சந்தோசமாக வருகிறது, நீ மூஞ்சியை நீட்டிக்கொண்டு நிற்கிறாய் என்றார். அவர் தன் ஆயுளில் ஒருதரம்கூட அந்த மலையில் ஏறியதில்லை. வானுக்குள் குளிர்காற்றைப் போட்டுவிட்டுக் கீழேயே படுத்திருப்பார்.

ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை தன் சாரதி வினோஜனிடம் இரண்டு பெயிண்ட் ரின்னும் பிறஷும் கொடுத்து அனுப்பியிருந்தார். வழி தவறாமல் இருக்கப் பாறைகளில் அம்புக்குறி போடப் போகிறோம், கூடப் போய் உதவி செய் என்று பிரஷாந்தியிடம் சொன்னார். வினோஜனுக்கு இளைப்பு வருத்தம். பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டான். பிரஷாந்திதான் இரண்டு ரின்னையும் வாங்கி, ஒன்றைத் தலையிலும் மற்றதைக் கையிலும் வைத்து உச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அம்புக்குறிக்கு இவ்வளவு பெயிண்டா என்று ஒரு நினைப்பு வரத்தான் செய்தது. கேட்கவில்லை. குப்பைச் சாக்கு நிறைந்திருந்தது, அதைக் கீழே கொண்டுபோக வேண்டும். மெல்ல மெல்ல ஏறி வந்து சேர்ந்த வினோஜனை உச்சியில் விட்டுவிட்டு இறங்கிவிட்டாள்.

சனிக்கிழமை வந்த கூட்டம் ஏறாவூர்ப் பக்கத்து ஆசிரியைகள், பதினொரு பேர். அவர்களைக் கூட்டி வந்தவர் சஹ்லா டீச்சர், சரித்திரம் படிப்பிக்கிறவர். அமைதியான மனுஷி. வரும் வழியிலேயே மற்றவர்கள் போட்ட இரண்டு போத்தலைப் பொறுக்கித் தன் பையில் போட்டார். பிரஷாந்திக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அடிக்கல்லில் மீன் போலக் கொத்தின ஒரு அடையாளம் இருக்கிறது, காட்டுகிறேன் என்று ஆசையாகச் சொல்லிக்கொண்டே மேலே கூட்டிப் போனாள்.

கடைசிப் பாறையைச் சுற்றித் திரும்பியதும் சுவர் தெரிந்தது. சுவர் முழுக்கச் சிவப்பு. ஆள் உயர எழுத்தில், 'மலை கோட்டை கடல், ஒருநாள் நடை'. அதற்குக் கீழே போன் நம்பர். நம்பருக்குப் பக்கத்தில் ஒரு இதயம். பெயிண்டைத் தாராளமாக அப்பியிருந்தான். ஒவ்வொரு எழுத்தின் காலிலிருந்தும் அது வழிந்து, செங்கல்லைத் தாண்டி, கருங்கல்லில் இறங்கி உறைந்திருந்தது. மீனைக் காணவில்லை. மீன் இருந்த இடத்தில் சிவப்பாய்த் தடித்த பெயிண்ட் ஆடை ஒன்றுதான் இருந்தது. வெயிலில் பெயிண்ட் மணம் எழும்பியது.

காதுக்குப் பின்னால் குளிர்ந்தது. பிரஷாந்தி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

சஹ்லா டீச்சர் கிட்டப் போய், தொடாமல், கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பிக் கேட்டார்.

"ஆரு தங்கச்சி இத எழுதின?"

"தெரியா டீச்சர்" என்றாள் பிரஷாந்தி.

சொல்லி வாய் மூடுமுன்னே அவளுக்கு விளங்கிவிட்டது. சுவரில் இருந்த நம்பர் அந்தப் பதினொரு பேரும் நடைக்குப் பதிந்துகொள்ள எடுத்த அதே நம்பர். எல்லாருடைய போனிலும் அது இருந்தது.  ஒரு ஆசிரியை வேறு பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தார். சஹ்லா டீச்சர் தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அவளிடம் நீட்டினார், குடியுங்கள் என்று. பிறர் வாய் வைத்த போத்தலில் பிரஷாந்தி குடிப்பதில்லை. அன்று குடித்தாள். அந்த நேரத்தில் அவளுக்குத் தன் வாயை விட ஊத்தையான வாய் உலகத்தில் இல்லை என்று பட்டது.

இறங்கி வந்தபோது அருமைநாயகம் வானின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வத்தகப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விதைகளை ஒவ்வொன்றாக மணலில் துப்பினார். சாறு நாடியால் வழிந்தது. ஆசிரியைகள் ஏறி உட்காரும் வரைக்கும் பொறுத்திருந்து அவள் கேட்டாள்.

"அம்புக்குறி எண்டுதானே அண்ணன் சொன்னீங்க?"

அவர் சிரித்தார். சுவர் சும்மாதானே கிடக்கிறது, மழை வந்தால் போய்விடும், வினோஜன் எடுத்த வீடியோவை அதற்குள் எத்தனை ஆயிரம் பேர் பார்த்துவிட்டார்கள் தெரியுமா என்றார். ஒருக்கா மேலே வந்து பாருங்கள் என்று அவள் கெஞ்சினாள். தனக்கு முழங்கால் நோ என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ரின்னத் தூக்கிட்டுப் போனது நீதான் புள்ள. மறந்திராத."

அது வெருட்டலா, நினைவூட்டலா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் பொய் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் பழைய துணியும் தும்பு பிறஷும் கொண்டு தனியே ஏறினாள். கடைசியில் இருந்த இதயத்தில் தொடங்கினாள். தேய்க்கத் தேய்க்கப் பெயிண்ட் கரைந்தது. கரைந்தது வெளியே வரவில்லை, செங்கல்லுக்குள் இறங்கியது. இதயம் இருந்த இடத்தில் அதைவிடப் பெரிதாய் ஒரு இளஞ்சிவப்புப் படை பரவியது, தோல் உரிந்த புண் போல. கை, முழங்கை, தாவணி எல்லாம் சிவப்பு. மண்ணெண்ணெய் நாற்றத்தோடு அது தொண்டைக்குள் இறங்க, சுவரில் கையை ஊன்றிக்கொண்டு குடல் வெளியே வருமளவுக்குச் சத்தி எடுத்தாள். எடுத்து முடிந்ததும், வந்ததை மண் அள்ளி மூடிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து சஹ்லா டீச்சருக்குப் போன் எடுத்தாள். நடைக்கு வந்தவர்களின் பேரும் போன் நம்பரும் எழுதிய பட்டியல் எப்போதும் அவள் கையில் இருக்கும்.

"அண்டைக்கு நான் பொய் சொன்னன் டீச்சர். எழுதினது எங்கட ஆக்கள்தான். பெயிண்டச் சுமந்து கொண்டுபோனது நான்."

 டீச்சர் கேட்டார்:

"இத எழுதிக் கையொப்பம் வெச்சித் தருவியளா? ஒங்கட பேரும் அதுல வரும். அத யோசிச்சிட்டுச் செல்லுங்க."

"ஓம், தாறன்" என்றாள். யோசிக்க அவளுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

இரண்டு வாரத்தில் தொல்பொருள் அதிகாரிகள் வந்தார்கள், பொலிசும் வந்தது. வழக்கு நடந்தது. அருமைநாயகமும் வினோஜனும் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டினார்கள். பிரஷாந்தியும் கூண்டில் ஏறினாள். தெரியாமல் சுமந்ததாலும் தானே வந்து சொன்னதாலும் நீதவான் அவளை எச்சரித்து விட்டார். வெளியே வந்தபோது வினோஜன் அவளைக் கடந்து போனான், முகத்தைப் பார்க்கவில்லை. அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அதற்குள் அவன் படியிறங்கிப் போய்விட்டான்.

மலை எல்லாருக்கும் பூட்டப்பட்டது. அதோடு ஊரின் கோபம் அவள் மேல் திரும்பியது. நடைக்காரரை ஏற்றி இறக்கிய ஆட்டோக்காரருக்கு ஓட்டம் இல்லை. சோத்துப் பார்சல் கட்டிக் கொடுத்த ஆச்சிப்பிள்ளை அக்காவுக்கு வேலை போயிற்று. இரண்டு எழுத்துக்காக ஊர் வயிற்றில் அடித்தாளே என்று கடைத்தெருவில் வைத்தே கேட்டார்கள். இரண்டு எழுத்து இல்லை என்று சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். ஏழு மாதம் இறால் பண்ணை ஒன்றில் இறாலுக்குத் தலை கிள்ளும் வேலை செய்தாள். அந்த நாற்றத்தைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை.

பங்குனியில் சுவரைச் சுத்தம் செய்ய ஒரு குழு வந்தது, உள்ளூர் ஆள் ஒருவர் தேவை என்றார்கள். அவள் போனாள். மண்ணெண்ணெய் போட்டது யார் என்று முதல் நாளே கேட்டார்கள். நான்தான் என்றாள். அந்த இடத்தைக் கடைசிக்கு வைத்தார்கள். களிம்பு போலொரு பசையைப் பூசி, காய விட்டு, சின்னக் கத்தியால் உரித்து, பஞ்சால் ஒற்றி எடுக்கும் வேலை. ஒரு எழுத்துக்கு மூன்று நாள், சிலவற்றுக்கு நான்கு. உரித்தெடுத்த சிவப்புத் தோல்களை ஒரு வாளியில் சேர்த்துத் தினமும் அவள்தான் கீழே கொண்டுபோனாள். ஐந்தாம் வாரம் ஒரு மத்தியானம் பசையை உரிக்கும்போது அடியில் மீனின் வால் தெரிந்தது. குழுவில் இருந்த ஒரு பெண் கை தட்டினாள். பிரஷாந்தி பஞ்சை மாற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள்.

கருங்கல் முழுக்கச் சுத்தமாயிற்று. செங்கல்லில் போன் நம்பரின் கடைசி மூன்று இலக்கமும் அவள் தேய்த்த படையும் போகவில்லை. இதற்கு மேல் உரித்தால் கல்லும் சேர்ந்து வரும் என்று நிறுத்திவிட்டார்கள். அது அப்படியே இருக்கிறது.

இப்போது மலை திறந்திருக்கிறது. ஒரு நாளைக்கு இருபது பேர்தான், ஊர்ச் சங்கம்தான் நடத்துகிறது, வழிகாட்டி பிரஷாந்திதான். சஹ்லா டீச்சர் இரண்டு தரம் பிள்ளைகளைக் கூட்டி வந்தார். குப்பை குறைந்திருக்கிறது, இல்லாமல் போகவில்லை. போன கிழமையும் காவல் அறைக்குள் யாரோ மூத்திரம் பெய்திருந்தார்கள். அவள் கல்லைக் கழுவத் தண்ணீர் சுமந்துகொண்டு ஏறினாள், ஒவ்வொரு அடியிலும் அந்த ஆளைத் திட்டிக்கொண்டு.

ஆட்டோக்காரர்கள் திரும்பப் பேசத் தொடங்கிவிட்டார்கள். ஆச்சிப்பிள்ளை அக்கா பார்சல் கட்டிக் கொடுக்கிறா, ஆனால் பேசுவதில்லை. காலையில் வாசல் படலையில் இருபது பார்சலையும் அடுக்கி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவா. பிரஷாந்தி எண்ணிப் பார்க்காமல் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடப்பாள்.