முதலில் தனியாகப் பார்த்த வானம்

ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் ஒரு பெண் படப்பையில் ஏறி என் பக்கத்தில் உட்காருவாள். வேலைத் தொப்பி அழுத்திய கோடு அவள் நெற்றியில் எப்போதும் இருக்கும். ‘நிலா ஏன் கூடவே வருது’ என்பது போலத் தன் பிள்ளைகள் கேட்பதையெல்லாம் ஒரு சின்ன நோட்டில் எழுதிவைப்பாள்.

விடுமுறையில் அவர்களைச் சென்னைக்குக் கூட்டிப்போய்க் கோளரங்கம் காட்டத் திட்டமிட்டிருந்தாள். அதற்கு முன்பே வாராந்திர லீவு நாளொன்றில் தனியாகப் போய்வந்தாள்.

“தமிழ் ஷோ எத்தினி மணிக்கு, பாத்ரூம் எங்க கீது, எல்லாம் பாத்துகினு வந்துட்டேன்க்கா.”

“ஷோவையும் பாத்துட்டியா? மறுபடி பாத்தா போரடிக்காதா?”

“வானத்தத்தான் பாத்துட்டேனே. அன்னிக்கு பசங்க மூஞ்சியப் பாத்துகினு இருப்பேன்.”

சில மாதங்கள் கழித்து நானும் என் மகள்களை அங்கே அழைத்துப்போனேன். விளக்கணைந்து நட்சத்திரங்கள் தெரிந்ததும் என்னை மறந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். அப்போது மகள்கள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.