சாஜிதா கேட்டு வாங்கிய கல்லூரி

பிளஸ் டூ பரீட்சை முடிந்து சொந்த ஊரான கம்பத்துக்குத் திரும்பிய சாஜிதா பகலெல்லாம் தூங்கினாள். வெளியூர் விடுதிப் பள்ளியில் விடியும் முன்பே எழுப்பிப் புத்தகத்தின் முன்னால் உட்கார வைத்த அலுப்பு அது. படிப்பு நேரம் போக மற்ற நேரத்திலும் அங்கே தோழிகளோடு பேசக்கூடாது. மதிப்பெண் நன்றாகவே வந்தது. சொந்தக்காரர்கள் இனிப்போடு வந்தார்கள். எழுந்து வந்து அவர்களைப் பார்த்துச் சிரிக்கத்தான் அவளுக்குத் தெம்பில்லை.

வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் அவள் அத்தா ராஜா முகம்மது, கம்ப்யூட்டர் படிப்புக்கு இரண்டு கல்லூரிகளைத் தேர்ந்து வைத்திருந்தார். ஒருநாள் மகளை அழைத்துப்போய் இரண்டையும் காட்டினார்.

முதல் கல்லூரியில் ஆய்வகம் பளபளத்தது. பையன்களுக்கு ஒரு மாடிப்படி, பெண்களுக்கு ஒரு மாடிப்படி. "இங்கன பிள்ளைக சத்தமே கேக்காது பாய்" என்றார் அலுவலகக்காரர். அத்தாவின் முகம் மலர்ந்தது. சாஜிதாவுக்கு விடுதிப் பள்ளி ஞாபகம் வந்தது.

இரண்டாவது கல்லூரியில் சுவர்க்காரை பெயர்ந்திருந்தது. கம்ப்யூட்டர்களில் பாதி ஓடவில்லை. ஆனால் மரத்தடியில் நாடக ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. வசனம் மறந்துபோன ஒருத்தி விழுந்து விழுந்து சிரிக்க, அங்கே நின்றிருந்த பேராசிரியரும் சேர்ந்து சிரித்தார். சாஜிதா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பும்போது, ஆண்டிபட்டி கணவாய் தாண்டியதும் அத்தா பேச்செடுத்தார்.

"மொதக் காலேஜுதான் தோது. என்ன புள்ள சொல்ற?"

"படிப்பு அங்கனதான் நல்லாருக்கும் அத்தா. ஆனா இன்னும் நாலு வருசம் வாயப் பொத்திக்கிட்டு இருக்க என்னால முடியாது."

"விடுதிக்கு வந்து பாக்குறப்பெல்லாம் நல்லாருக்கேன்னுதான சொன்ன?"

"வார்டனம்மா பக்கத்துலயே நின்னாக."

சின்னமனூரில் அத்தா அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு, "ரெண்டாவதுலயே சேந்துக்க. படிப்புல கொறை வந்தா நீதான் பாத்துக்கணும்" என்றார்.

குறை வரத்தான் செய்தது. பாடம் எடுத்தவர் பாதியில் வேலையை விட்டுப்போக, வீடியோ பார்த்துத் தானாகவே படித்தாள். நாடகக் குழுவுக்குப் போனவள் சில நாட்களிலேயே நின்றுவிட்டாள். கூட்டத்தில் என்ன பேசுவது என்றே அவளுக்கு மறந்துபோயிருந்தது. மற்றவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகுதான் இவளுக்குச் சிரிப்பு வந்தது.

அறைத்தோழி யுவராணி கடமலைக்குண்டுக்காரி, ஓயாத வாய்க்காரி. அவள் பேச இவள் கேட்பதும், இவள் கணக்குச் சொல்லித்தர அவள் கேட்பதுமாக முதல் வருடம் போயிற்று. இப்போதெல்லாம் சாஜிதாவும் அவளுக்குச் சரியாக வாயாடுகிறாள்.

கம்பத்தில் அவர்கள் தெருவிலேயே இருக்கும் நத்தர்ஷாவின் மகன் அந்த முதல் கல்லூரியில்தான் படிக்கிறான். போன வாரம் அவனுக்குப் பெரிய கம்பெனியில் பயிற்சிக்கு இடம் கிடைத்ததாக அத்தா போனில் சொன்னார், குறையாக அல்ல, செய்தியாகத்தான். போனை வைத்த பிறகு சாஜிதா கட்டிலில் உட்கார்ந்தாள். அங்கேயே சேர்ந்திருக்கலாமோ என்று அவளுக்கும் தோன்றாமல் இல்லை.

"ஏய், இந்தக் கணக்கு மறுபடி இடிக்குது, வாடி" என்றாள் யுவராணி.

சாஜிதா எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.