மூட்டையின் அடி

சம்மாந்துறையில் என் அக்கா நஸீறா ராத்தா நெல் வாங்க வந்தால் விற்பவர்கள் கதையைக் குறைத்துக்கொள்வார்கள். மேலே கிடக்கும் நெல்லை அவள் பார்ப்பதே இல்லை. குத்தூசியை மூட்டையின் அடிவரை இறக்கி இழுத்து, வந்த மணிகளைக் கடித்துப் பார்ப்பாள். ஈரம் அடியில்தான் ஒளிந்திருக்கும் என்பது, புருஷன் மௌத்தாகிப்போன பிறகு தனியாக யாவாரம் பார்த்த இருபது வருடத்தில் அவள் கண்டுகொண்டது. மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பாள். நான் மெல்பேர்னிலிருந்து அழைத்தால், “போனச் சுத்திக் காட்டு புள்ள, பக்கத்தில ஆர் இரிக்கா?” என்பாள்.

போன நோன்பில் எனக்குத்தான் சந்தேகம் வந்தது. “உம்மா நோன்பு புடிக்கல்ல சாச்சி. கேட்டா வயித்துப்புண் எண்டு சொல்றா” என்றாள் அவளுடைய மகள் றிபா. அடுத்த நாள் ஒரு படம் அனுப்பினாள். அலுமாரிக் கதவின் உட்பக்கம் தொங்கிய கலண்டர். அதில் பத்தொன்பது நாட்களுக்கு வட்டம். விட்ட நோன்புகளைப் பிறகு பிடித்துக் கழாச் செய்ய ராத்தா போட்டுவைத்த கணக்கு.

அவளுக்கு வயது ஐம்பத்தேழு. மாதத்தீட்டு நின்று ஆறு வருடம். மறுபடி இரத்தம் கண்டதும் தீட்டுத்தான் திரும்பிவிட்டது என்று எண்ணி, தொழுகையையும் நோன்பையும் விட்டிருக்கிறாள். இந்த வயதில் இதை யாரிடம் சொல்வது என்ற வெட்கம் வேறு.

நான் சொல்லி றிபா கூட்டிப்போன கிளினிக்கில் டொக்டரம்மா எத்தனை நாள் என்று கேட்டபோது, “ரெண்டு மூணு நாள்” என்றாளாம். றிபா பையிலிருந்து கலண்டரை எடுத்து மேசையில் வைத்தாள்.

“என்ட மூட்டைய நீயா குத்துறாய்?” என்று மகளை ஒரு பார்வை பார்த்தாளாம் ராத்தா.

கர்ப்பப்பையிலிருந்து சதைத்துணுக்கு எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று வந்தது. கர்ப்பப்பையை எடுக்கவேண்டும், அதற்கு முன் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வேண்டும் என்றார் டொக்டர். ராத்தா மறுத்துவிட்டாள். நான் அழைத்துக் கேட்டேன்.

“நோய் இன்னதெண்டு கண்டாச்சி. இனி என்னத்துக்குப் படம்? நீங்க எல்லாரும் சேந்து எதையோ மறைக்கிறீங்க.”

“மறைக்கல்ல ராத்தா. துணுக்கு எடுத்தா என்ன வருத்தம் எண்டுதான் தெரியும். அது சுவருக்குள்ள எவ்வளவு ஆழம் போயிரிக்கி, வெளியால பரவியிரிக்கா எண்டு ஸ்கேன்லதான் பாப்பாங்க. அதப் பாத்துத்தான் ஒப்பரேசன் எப்படிச் செய்யிற எண்டு முடிவெடுப்பாங்க.”

“குத்தாம அடி எப்படித் தெரியும்? நெல்லு வாங்குறவளுக்கே கதை சொல்றியா?”

“காந்தம் ராத்தா. அதால உள்ள இரிக்கிறத அடுக்கடுக்காப் படம் எடுக்கும்.”

“மேலால மட்டும் எடுத்துட்டு உடமாட்டாங்களே?”

“அடிவரைக்கும் எடுப்பாங்க.”

மூன்று நாள் யோசித்துவிட்டு ஸ்கேனுக்குப் போனாள். உள்ளே இரும்பு கூடாது என்றதும் முக்காட்டு ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எண்ணி, றிபாவின் கையில் கொடுத்தாள். வெளியே வந்து அவள் முதலில் கேட்டதும் அந்த ஊசிகளைத்தான். “சத்தம் பெரிசில்ல. நம்மட மில்லுக்குள்ள நிண்ட மாதிரித்தான்” என்றாளாம்.

அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது. றிபா எனக்கு அனுப்பினாள். அதன் கடைசி மூன்று வரிகளை ஆறேழு தரம் படித்தேன். ஆங்கிலம் எனக்குப் பள்ளியில் படித்த பாஷை. அன்று அதன் ஒவ்வொரு சொல்லின் மேலும் சந்தேகமாக இருந்தது. உடனே அழைத்தேன்.

“நீ சொல்லாத. முதல்ல டொக்டர் சொல்லட்டும். பொறகு நீ சொல்லு. ரெண்டும் ஒத்து வருதா பாப்பம்” என்று துண்டித்துவிட்டாள்.

இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவளே அழைத்தாள்.

“இப்ப சொல்லு.”

“சுவர்ல பாதி ஆழத்துக்கும் குறைவாத்தான் போயிரிக்கி. வெளியால பரவினதாத் தெரியல்ல.”



“டொக்டரம்மாவும் அதத்தான் சொன்னா. கர்ப்பப்பைய எடுத்த பொறகு அதையும் வெட்டிச் சோதிச்சுத்தான் முடிவாச் சொல்லுவாங்களாம்.” அது அவளுக்குப் பிடித்திருந்தது என்று குரலில் தெரிந்தது. “வாற புதன்கிழமை ஒப்பரேசனுக்கு வரச் சொல்லிட்டாங்க. நானும் ஓம் எண்டுட்டன். எங்க, போனச் சுத்திக் காட்டு.”

காட்டினேன். கட்டிலில் பாதி அடுக்கிய சூட்கேஸ் கிடந்தது.

“டிக்கட் எப்ப எடுத்தாய்?”

“ஸ்கேன் எண்டு சொன்ன அண்டே.”

“அப்ப நீயும் நேர்ல பாக்காம நம்பமாட்டாய்.”

“ஓம் ராத்தா.”

“நல்லம். வந்து பக்கத்தில இரி.”