ஊர் வண்டிக்கெல்லாம் கேஸ் போட்டவள்

ஜூலை மாதம் எங்கள் எல்லையோர ஊரான லரேடோவில் நாய்கூட நிழலை விட்டு நகராது. அந்த மாதத்தில்தான் என் அண்ணி ஒரேலியாவுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பழைய கார்களின் ஏசியைப் பழுது பார்த்து கேஸ் நிரப்புவது அவள் தொழில். தகரக் கொட்டகை, உள்ளே இரண்டு கார் நிற்கும். நான் நெல்டா, அவள் புருஷனின் தங்கை. வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து போன் எடுப்பேன், வருகிறவர்களோடு சண்டை போடுவேன். இரண்டாவது வேலைதான் அதிகம்.

கொட்டகையில் உருப்படியான பொருள் ஒன்றே ஒன்று. காரில் மிச்சமிருக்கும் கேஸை உறிஞ்சி, சுத்தம் செய்து, திரும்ப நிரப்புகிற மெஷின். அது நின்றால் கடையும் நின்றது. அதற்கு எமன், உதிரிபாகக் கடையில் விற்கிற சின்ன கேன். சில கேன்களில் கேஸோடு ஓட்டை அடைக்கிற பசையும் கலந்திருக்கும். நம் ஆட்கள் அதை வாங்கித் தாங்களே ஏற்றிப் பார்ப்பார்கள். கொஞ்ச நாள் குளிரும். அப்புறம் இங்கே வருவார்கள். தெரியாமல் மெஷினைப் பூட்டினோமோ, பசை உள்ளே போய் இறுகி மெஷின் செத்தது.

அதனால் குவாதலூப்பே மாதா படத்துக்குக் கீழே அண்ணியே எழுதி ஒட்டியிருந்தாள்: "கேன் போட்டீர்களா? மாதா பார்த்துக்கொண்டிருக்கிறாள்." மாதா பார்த்தால் என்ன, அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்வார்கள். வாடிக்கைக்காரப் பெரியவர் தோன் இலாரியோவிடம் அண்ணி கேட்பாள்:

"கேன் ஏதாச்சும் போட்டீங்களா, தோன் இலாரியோ?"

"ஐயோ, எங்கம்மா சத்தியமா இல்ல தாயி."

"உங்கம்மா போய்ச் சேர்ந்து எத்தன வருஷமாச்சு? அண்ணி, இந்த மூஞ்சிய நம்பாத, டெஸ்ட் பண்ணு" என்பேன் நான்.

அண்ணி சிரிக்கக்கூட மாட்டாள். டெஸ்ட் செய்வாள். பசை இருந்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். யாரையும் திட்டியதில்லை. திட்டுவதற்கும் தெம்பு வேண்டுமே.

இப்படி ஊரையே குளிர வைத்தவளின் பச்சைக் காரில் ஏசி நின்று பல வருஷமாகிவிட்டது. ஜன்னலை இறக்கிவிட்டு, கழுத்தில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு வருவாள், போவாள். கேட்டால், "பாக்கணும் நெல்டா, பாக்கணும்" என்பாள். அண்ணன் லியோபார்தோ லாரி ஓட்டுகிறவன். சனிக்கிழமை வந்தால் திங்கட்கிழமை காலையில் கிளம்பிவிடுவான். அவன் எங்கே பார்க்க?

ஒரு புதன்கிழமை அவள் வெகுநேரம் கழித்து வந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ரயில்வே கேட்டில் சரக்கு ரயில் நின்றுவிட்டதாம். காருக்குள் கண் இருட்டிவிட்டதாம். பின்னால் நின்றவன் இறங்கி வந்து தலையில் தண்ணீர் ஊற்றியிருக்கிறான். எனக்கு வந்ததே கோபம்.

"போதும் அண்ணி! சனிக்கிழமை ஒரு வண்டியும் எடுக்க மாட்டேன். உன் வண்டியத்தான் நீ பாக்கணும். இல்ல, நான் வீட்டுக்குப் போறேன், போன நீயே எடுத்துக்க."

"ஜூலைல சனிக்கிழமைய விடுறதா?"

"செத்துட்டா எல்லாக் கிழமையும் விட வேண்டியதுதான்."

சனிக்கிழமை பச்சைக் கார் உள்ளே ஏறியது. வந்த நாலு பேரை நான் திருப்பி அனுப்பினேன். எங்கே லீக் என்று அவளுக்குத் தெரியும், முன்பக்கக் குழாய். அதைக் கழற்றும் முன் மிச்சமிருக்கிற கேஸை உறிஞ்ச வேண்டும். மெஷினைப் பூட்டினாள். முள்ளைப் பார்த்து, "இன்னும் இவ்வளவு கேஸ் இருக்கா?" என்றாள். அதற்குமேல் யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை. தன் காரைத் தானே சந்தேகப்படுவாளா? மாதா படத்தின் பக்கம் நாங்கள் இரண்டு பேருமே திரும்பவில்லை.

சற்று நேரத்தில் மெஷின் முனகியது. இருமியது. நின்றேவிட்டது. முள் நடுவில் அப்படியே நின்றது. மெஷினின் குழாயைக் கழற்றினாள். வாயில் வெள்ளையாகப் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது.

"நெல்டா, என் வண்டிய யாரு தொட்டது?"

நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். அவள் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்தாள். அழுதிருந்தால் தேவலை. கையில் ஒட்டிய பசையைத் தொடையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். புது மெஷின் வாங்குவது நினைத்துப் பார்க்கிற விஷயமில்லை. இதைப் பழுது பார்க்க சான் அந்தோனியோவுக்கு அனுப்பினால் வெயில் காலம் முடிந்துதான் வரும். வெயில் போனபின் ஏசிக்காரியை யார் தேடுவார்?

அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்தான், கையில் ஒரு தர்பூசணியோடு. மெஷினைப் பார்த்தான், பச்சைக் காரைப் பார்த்தான். அண்ணியை அவன் செல்லமாகக் கூப்பிடுவதே கிழவி என்றுதான்.

"ஏன் கிழவி, இத ஏன் பிரிச்ச? ஏசி நல்லாத்தானே ஓடுச்சு?"

எனக்குப் புரிந்துவிட்டது. "அட மடையா! நீயா போட்ட?"

"உன் பொறந்தநாளுக்குப் போட்டேன், கிழவி" என்று அவளிடமே சொன்னான். "நீ தூங்கிட்டிருந்த. மலிவானத வாங்கல, இருக்கிறதுலயே ஒசத்தியானதத்தான் கேட்டு வாங்கினேன். லீக்கும் அடையும்னான் கடைக்காரன். வெச்சுப் பாத்தேன், ஜில்லுன்னு வந்துச்சு."

ஒசத்தியானதில்தான் பசை. பாவி, அவளோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அந்தப் படத்தின் கீழே எழுதியிருந்ததை அவன் ஒருநாளாவது படித்திருந்தால்தானே!

"சொல்லியிருக்கலாம்ல, கிழவா?" அவள் குரல் உயரவே இல்லை.

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து உன் மூஞ்சியப் பாப்பேன். நீ ஒண்ணும் சொல்லல. சரி, இவளுக்கு இதெல்லாம் ஒரு பெருசா, ஊருக்கே போடுறவளாச்சேன்னு விட்டுட்டேன்."

அண்ணி திரும்பிப் பச்சைக் காரைப் பார்த்தாள்.

"நான் அந்த ஏசிக் குமிழத் தொடவே இல்ல" என்றாள். "தொட்டு வருஷமாச்சு. அப்படி ஒண்ணு இருக்கிறதே மறந்துபோச்சு. ரயில்வே கேட்டுல கண்ணு இருட்டினப்பகூட அது பக்கம் கை போகல."

அண்ணன் தர்பூசணியைத் தரையில் வைத்தான். அவனைக் கிழிகிழியென்று கிழிக்க நாக்கு துடித்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை.

அவளே எழுந்தாள். காரின் மூடியைச் சாத்தினாள். "ஏறு" என்றாள். இரண்டு பேரும் ஏறி, ஜன்னலை ஏற்றிக்கொண்டார்கள். அவள் எஞ்சினைப் போட்டு அந்தக் குமிழைத் திருப்பினாள். மெஷின் பாதியில் செத்ததால் உள்ளே கொஞ்சம் கேஸ் மிச்சமிருந்தது. கண்ணாடி வழியே பார்த்தேன். அவள் நெற்றி மயிர் காற்றில் லேசாக ஆடியது.

வாசலில் தோன் இலாரியோ ஹார்ன் அடித்தார். "என்னம்மா, கடை உண்டா இல்லையா?"

"இல்ல. இனி வெயில் போற வரைக்கும் இல்ல. போங்க" என்று அவரை அனுப்பிவைத்தேன்.

திரும்பி வந்தபோது அண்ணி வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தான். நிற்கிற வண்டியில் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள், எஞ்சின் கொதித்துவிடும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள் அவள். கொட்டகைக் கதவை அகலமாகத் திறந்துவிட்டு, பெரிய மின்விசிறியை இழுத்து வந்து காரின் முகத்துக்கு நேராக வைத்தேன்.